தீர்த்தமும் நெல்லும்: பாலித் தீவின் நீர்க்கோயில்கள் சொல்லும் பாடம்

 

அன்னதானப் பந்தியில் இலை விரித்து, ஆவி பறக்கும் சோறு விழும்போது நம் கைகள் தாமாகவே குவிகின்றன. அந்த ஒரு பிடிச் சோறு எந்த வயலில் விளைந்தது? அந்த வயலுக்கு எந்த மடை வழியாக நீர் பாய்ந்தது? அந்த நீரில் இன்னும் எத்தனை உயிர்கள் பிழைத்தன? இந்தக் கேள்விகளை நான் நெடுங்காலம் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். ஏனென்றால் எனக்குப் பிழைப்புத் தந்ததே நெல்வயல்தான்.

1970-களின் இறுதியில் பேராக் மாநிலத்தின் கிரியான் வட்டாரத்தில் பூச்சிமருந்து விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். 1906-இல் நிறைவுபெற்ற பெரிய நீர்ப்பாசனத் திட்டத்தால் நெல் விளையும் பூமி அது. பூச்சி கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும், குறித்த நாளுக்கு ஒருமுறை மருந்து தெளிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தேன். ஒருநாள் வயது முதிர்ந்த மலாய் விவசாயி ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "மகனே, முன்பெல்லாம் அறுவடைக்கு முன்னால் வயல் நீரை வடிக்கும்போது விராலும் கெளுத்தியும் செப்பாட்டும் கூடை கூடையாகப் பிடிப்போம். அவையெல்லாம் எங்கே போயின?" என்று கேட்டார். "மருந்து நெல்லைக் காக்கிறது, பாக். மீன் வேண்டுமானால் சந்தையில் கிடைக்கும்" என்று பதில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை முடுக்கினேன். நான் கற்றது அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரின் கேள்விக்குச் சரியான விடை எனக்குக் கிடைத்தது 2014-ஆம் ஆண்டில், பாலித் தீவுக்குத் தல யாத்திரை சென்றபோதுதான். அதையே இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சொல்லிலேயே ஓர் உறவு

இந்தோனேசியாவின் பாலித் தீவில் பெரும்பான்மை மக்கள் இந்துக்கள் என்பதை யாவரும் அறிவோம். அவர்கள் கோயிலைப் 'பூரா' என்கிறார்கள். நம் 'புரம்' என்ற சொல்லின் உறவு அது. புனித நீர் அவர்களுக்குத் 'தீர்த்தா'. நெல்லின் தெய்வம் 'டேவி ஸ்ரீ'. நாம் வணங்கும் ஸ்ரீதேவியின் பெயரே வயல் வரப்பில் நின்று அருள்பாலிக்கிறது. தங்கள் சமயத்தையே 'ஆகம தீர்த்தா', அதாவது தீர்த்தத்தின் சமயம் என்று அவர்கள் அழைத்ததுண்டு. நீரின்றி அங்கு வழிபாடே இல்லை என்றால் அது மிகையாகாது.

ஆயினும், "இதெல்லாம் நாம் கொடுத்தது" என்று மார்தட்டிக்கொள்ள இங்கே இடமில்லை. சொற்கள் கடல் கடந்து வந்திருக்கலாம். அந்தச் சொற்களை மலைச்சரிவிலும் வாய்க்காலிலும் வாழ்க்கையாக்கியவர்கள் பாலி விவசாயிகளே. நாம் அங்கே மாணவர்களாகச் செல்வதுதான் முறை.

சுபாக் என்றால் என்ன?

பாலி எரிமலைத் தீவு. ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன; வயல்களோ மேலே, சரிவுகளில் படிப்படியாக அமைந்துள்ளன. ஆற்றில் தடுப்பணை கட்டி, பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, நெடுந்தொலைவு வாய்க்கால் இழுத்தால்தான் நீர் வயலேறும். 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே சுரங்கம் வெட்டும் கைவினைஞர்கள் குறிப்பிடப்படுகிறார்கள்.

ஒரே மூலத்திலிருந்து நீர் பெறும் விவசாயிகளின் கூட்டமைப்பே 'சுபாக்'. தீவில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள் வரை இருப்பார்கள். தலைவருக்கு 'பெக்காசே' என்று பெயர். கூட்டம் கூடி முடிவெடுப்பது, வாய்க்கால் தூர்வாருவது, தவறு செய்தவருக்கு அபராதம் விதிப்பது எல்லாம் அவர்களே.

நீரைப் பங்கிடும் முறையை நேரில் கண்டேன். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதில் வெவ்வேறு அகலத்தில் வெட்டுக்கள். ஒரு வெட்டின் அகலம் எவ்வளவோ அவ்வளவு பங்கு நீர் அந்தக் கிளைக்கு. ஆற்றில் நீர் பெருகினாலும் குறைந்தாலும் பங்கின் விகிதம் மாறாது. மின்சாரம் வேண்டாம், மீட்டர் வேண்டாம், காவலாளி வேண்டாம்.

எங்களுக்கு வழிகாட்டிய பெக்காசேயிடம், தெரிந்த மலாயில், "இரவில் யாராவது கட்டையை நகர்த்தித் தண்ணீரைத் திருட மாட்டார்களா, பாக்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "திருடலாம். ஆனால் கோயில் திருவிழாவில் இதே மனிதர்களோடுதானே வரிசையில் உட்கார்ந்து தீர்த்தம் வாங்க வேண்டும்!" என்றார்.

வரப்பு முதல் மலையுச்சி வரை

இங்கேதான் கோயில் வருகிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் தன் வயலில் நீர் நுழையும் மடையருகே ஒரு சிறு பலிபீடம். சுபாக்குக்கு ஒரு கோயில். தடுப்பணைக்கு ஒரு கோயில். பல சுபாக்குகள் கூடி வழிபடும் பெரிய கோயில் 'பூரா மாஸ்செத்தி'. இவற்றுக்கெல்லாம் மேலே, பத்தூர் எரிமலையின் விளிம்பில், ஏரியின் தெய்வமான டேவி டானுவுக்குரிய பூரா ஊலுன் டானு பத்தூர். பழைய கோயில் கீழே ஏரிக்கரையில் இருந்தது. 1926-இல் எரிமலை வெடித்து ஊரோடு அதனையும் புதைத்தபின், மக்கள் அதனை மேலே எடுத்துவந்து நிறுவினர்.

பத்தூர் ஏரியிலிருந்து ஆறு எதுவும் வெளிப்படையாகப் புறப்படுவதில்லை. ஏரி நீர் பூமிக்குள் இறங்கி, கீழே ஊற்றுகளாகப் பொங்கி வயல்களை வளர்க்கிறது என்பது மக்களின் நம்பிக்கை. ஆகவே அந்த நீரைப் பயன்படுத்தும் 200-க்கும் மேற்பட்ட சுபாக்குகள் அரிசியும் தேங்காயும் பிறவும் சுமந்து மலையேறிக் காணிக்கை செலுத்துகின்றன. புதிய வாய்க்கால் வெட்ட வேண்டுமா, நீர்ப் பங்கில் வழக்கா, எல்லாம் இக்கோயிலின் தலைமைப் பூசாரியான ஜெரோ கெடேயின் முன் வரும்.

பயிர் வைக்கும் காலமும் கோயிலில்தான் முடிவாகும். எந்தச் சுபாக் எப்போது நாற்று நடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதை மாஸ்செத்திக் கோயிலில் கூடிப் பேசி உறுதி செய்வார்கள். 210 நாள் கொண்ட பாலி நாட்காட்டி அதற்குத் துணை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பூசை. உள்ளே நடப்பது பாசனக் கூட்டம்.

தலைமடையும் கடைமடையும்

இதில் என்ன பெரிய அறிவியல் இருக்கிறது என்று கேட்கலாம். சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எல்லோரும் ஒரே வாரத்தில் சேறடித்து நாற்று நட்டால் என்ன ஆகும்? எல்லா வயலும் ஒரே நேரத்தில் நீர் கேட்கும். தலைமடைக்காரர் எடுத்தது போக, கடைமடைக்காரருக்குச் சொட்டு நீர் மிஞ்சாது. சரி, ஆளுக்கொரு காலத்தில் நட்டால்? நீர் எல்லோருக்கும் கிட்டும். ஆனால் வட்டாரத்தில் எப்போதும் எங்கேயாவது பச்சைப் பயிர் நிற்கும். எலிக்கும் புகையானுக்கும் அது ஓயாத விருந்து. ஒரு வயலில் அறுத்தால் அடுத்த வயலுக்குத் தாவும்.

எல்லோரும் ஒன்றாக அறுவடை செய்து, ஒன்றாகத் தரிசு விட்டு, வயலில் நீரைத் தேக்கினால் பூச்சிக்கு உணவும் இல்லை, தங்க இடமும் இல்லை. பட்டினியால் அது குறையும். மருந்து ஒரு துளியும் தேவையில்லை. ஆனால் இது நடக்கப் போதிய பரப்பு ஒன்றாகத் தரிசாக வேண்டும். பரப்பு கூடினால் நீர்ப் பற்றாக்குறை. குறைந்தால் பூச்சித் தொல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை சுபாக்குகள் ஒன்றாக நட வேண்டும்? கோயில்கள் தலைமுறை தலைமுறையாக விடை கண்டு வந்த கணக்கு இதுவே.

இன்னொரு புதிரும் உண்டு. தலைமடைக்காரருக்கு நீர்க்கவலை இல்லை. அவர் ஏன் கடைமடைக்காரரோடு ஒத்துழைக்க வேண்டும்? காரணம் பூச்சிதான். கடைமடைக்காரர் நீரின்றி வேறு காலத்தில் நட்டால், அங்கே பெருகும் பூச்சி தலைமடைக்கும் ஏறிவரும். ஆகவே கீழே உள்ளவருக்கு நீர் கொடுப்பது மேலே உள்ளவருக்கே பாதுகாப்பு. ஆய்வாளர்கள் விவசாயிகளிடம் கேட்டபோது, தலைமடைக்காரர்கள் பூச்சியையும், கடைமடைக்காரர்கள் நீரையும் பெருங்கவலையாகச் சொன்னார்கள் என்பது 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் பதிவாகியுள்ளது.

பசுமைப் புரட்சி வந்தபோது

1970-களில் இந்தோனேசிய அரசு நெல் உற்பத்தியைப் பெருக்க முனைந்தது. விரைவில் விளையும் புதிய ரகங்கள், இரசாயன உரம், பூச்சிமருந்து, இவற்றை வாங்கக் கடன் ஆகியவை ஒரே பொட்டலமாக விவசாயிகளுக்கு வந்தன. முடிந்தவரை அடிக்கடி நடுங்கள், கோயில் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஊக்குவிக்கப்பட்டது.

நியாயமாகப் பேச வேண்டும். அத்திட்டம் தீய எண்ணத்தில் வந்ததன்று. பசித்த வயிறுகள் பல இருந்தன. தொடக்கத்தில் விளைச்சலும் கூடியது. 1984-இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவும் கண்டது. பாலி விவசாயிகளும் புதிய நெல்லை விரும்பியே ஏற்றனர்.

ஆனால் ஆளுக்கொரு காலத்தில் நட்டதால் தரிசுக் காலம் மறைந்தது, நீர் முறை குழம்பியது, பூச்சி பெருகியது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 என்ற ரகத்தைக் கொண்டுவந்தனர். அதற்கு துங்ரோ நோய் வந்தது. துங்ரோவைத் தாங்கும் மற்றொரு ரகம் வந்தது; அதைப் பூஞ்சை பிடித்தது. மருந்து கூடக் கூடப் பூச்சியும் கூடியது. விவசாயிகள் மீண்டும் கோயில் முறைக்கே திரும்ப விரும்பினர். பழைமைப் பிடிவாதம் என்று அது முதலில் ஒதுக்கப்பட்டது.

ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு 1979-இல் தொடங்கிய பாலிப் பாசனத் திட்டமும் நீர்க்கோயில்களின் பங்கைக் கணக்கில் கொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1988-இல், அவ்வங்கியின் மதிப்பீடே மரபு முறையை அகற்ற முயன்றது பயனளிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டது.

இதைப் படித்தபோது கிரியான் பெரியவரின் முகம் என் கண்முன் வந்தது. பாலியில் நடந்த அதே தவற்றை அதே ஆண்டுகளில், நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டே, நானும் செய்துகொண்டிருந்தேன்.

கணினியில் ஏறிய கோயில்

விவசாயிகள் சொன்னதை அலுவலகங்கள் ஏன் பிறகு கேட்டன? அதற்கு அறிவியல்தான் துணை நின்றது.

ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பல ஆண்டுகள் பாலியில் தங்கி நீர்க்கோயில்களை ஆராய்ந்தார். ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளருடன் சேர்ந்து ஊஸ், பெத்தானு என்ற இரு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியாக அமைத்தார். மழை, ஆற்றுநீர், பயிர், பூச்சி எல்லாவற்றையும் அதில் ஏற்றி மூன்று வழிகளை ஒப்பிட்டனர்.

1. ஒவ்வொரு சுபாக்கும் தன் விருப்பப்படி நட்டால், பூச்சி விளைச்சலைத் தின்றது.

2. எல்லாச் சுபாக்குகளும் ஒரே நாளில் நட்டால், நீர் பற்றவில்லை.

3. நடுத்தர அளவில், சுபாக்குகள் குழுக்குழுவாகச் சேர்ந்து நட்டால், விளைச்சல் உச்சத்தை எட்டியது. அந்தக் குழுக்களின் அளவு நீர்க்கோயில்களின் அளவோடு ஒத்திருந்தது.

அடுத்து ஒரு சோதனை. கோயிலே இல்லாத பாலியைக் கணினியில் படைத்தனர். ஒவ்வொரு சுபாக்கும் தன் அண்டைச் சுபாக்குகளில் எது நன்றாக விளைந்ததோ அதன் பயிர்முறையை அடுத்த ஆண்டு பின்பற்றட்டும் என்ற ஒரே விதியை மட்டும் கொடுத்தனர். சில ஆண்டுச் சுழற்சிகளுக்குள் குழுக்கள் தாமாக உருவாயின. அவை மெய்யான கோயில் குழுக்களை ஒத்திருந்தன! இம்முடிவுகள் 1993-இல் வெளியாயின. யாரோ ஓர் அரசனோ பொறியாளரோ மேலிருந்து வரைந்த திட்டமன்று இது. அண்டை வயலைப் பார்த்துப் பார்த்து விவசாயிகளே நெய்த வலை என்பது இதனால் விளங்கியது. 2017-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வும் இக்கருத்துக்கு வலுவூட்டியது. லான்சிங் பின்னாளில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சில ஆண்டுகள் பணியாற்றினார் என்பது நம் வட்டாரத்துக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சிலந்தியும் வாத்தும் கொக்கும்

உயிர்ப்பன்மை என்ற சொல்லை இப்போது எங்கும் கேட்கிறோம். காட்டுப் புலியும் யானையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு நெல்வயலே ஓர் உலகம்.

நாற்று நட்ட புதிதில் வயல் நீரில் மட்கும் இலைதழைகளை உண்டு கொசுவைப் போன்ற சிறு பூச்சிகள் பெருகுகின்றன. இவை நெல்லைத் தொடுவதில்லை. 'பயனற்ற பூச்சி' என்றே நாங்கள் அன்று நினைத்தோம். ஆனால் சிலந்திகள் இவற்றைத் தின்றுதான் வளர்கின்றன. பின்னர் புகையான் வரும்போது சிலந்திப் படை ஏற்கெனவே தயாராக நிற்கிறது. தொடக்கத்திலேயே மருந்து தெளித்தால் சிலந்தி மடிகிறது. நெல் தண்டுக்குள் இருக்கும் புகையான் முட்டையோ தப்பிவிடுகிறது. காவலாளியைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான். ஜாவாவில் வில்லியம் செட்டலும் குழுவினரும் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது.

இந்த உண்மை அரசையும் எட்டியது. 1986-இல் இந்தோனேசிய அதிபரின் ஆணை நெல்லுக்கான 57 பூச்சிமருந்துகளுக்குத் தடை விதித்தது. 1989 முதல் விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. வகுப்பறை வயலே, பாடநூல் பூச்சியே. விவசாயிகள் வாரந்தோறும் கூடி எது நண்பன், எது பகைவன் என்று எண்ணிப் பார்த்துத் தாங்களே முடிவெடுத்தனர்.

பாலியில் அறுவடை முடிந்ததும் வாத்துக் கூட்டத்தை வயலில் விடுகிறார்கள். ஒரு கம்பில் கொடி கட்டி நட்டுவிட்டால் வாத்துகள் அதைச் சுற்றியே மேய்கின்றன. சிந்திய நெல், நத்தை, பூச்சி எல்லாம் வாத்துக்கு உணவு. வாத்தின் எச்சம் வயலுக்கு உரம். உபுட் அருகில் பெத்துலு என்ற ஊரில் மாலைதோறும் ஆயிரக்கணக்கான கொக்குகள் வந்து மரங்களில் அடைகின்றன. 1965-இல் அவை முதன்முதலாக வந்ததாக ஊர்மக்கள் சொல்கிறார்கள். அவற்றைத் துன்புறுத்தாமல் வழிபாடும் நடத்துகிறார்கள். வயலில் பூச்சியும் தவளையும் இருந்தால்தான் அந்தக் கொக்குகளுக்கு இரை.

எலியைக்கூட 'ஜெரோ கெத்துட்' என்று மரியாதையாகவே விவசாயிகள் குறிப்பிடுகிறார்கள். செடி கொடிகளுக்கென்று ஒரு நாள், விலங்குகளுக்கென்று ஒரு நாள் என வழிபாட்டு நாட்களும் உண்டு. இவ்வுலகம் மனிதனுக்கு மட்டும் உரியதன்று என்பதை இவை ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றன. இறைவனோடு, மனிதரோடு, இயற்கையோடு இணக்கம் என்ற மூன்றையும் 'திரி ஹித காரண' என்பார்கள். அந்தப் பெயர் 1960-களில்தான் பரவியது. வாழ்ந்த வாழ்க்கை மிகப் பழையது.

பவளம் சொன்ன சாட்சி

உரத்தின் கதையும் உண்டு. எரிமலைப் பாறையிலிருந்து கரையும் தாதுக்கள் பாசன நீரோடு வந்து வயல்களுக்கு ஓரளவு உரமிடுகின்றன. அதற்கு மேலும் கொட்டிய இரசாயன உரத்தில் ஒரு பகுதி ஆற்றோடு போய்க் கடலில் சேர்ந்தது. மரத்துக்கு வளையம்போல் பவளத்துக்கும் ஆண்டு அடுக்குகள் உண்டு. பாலிக் கடலோரப் பவளத்தைத் துளைத்து எடுத்து ஆராய்ந்தபோது, பசுமைப் புரட்சிக் காலத்து உரத்தின் தடயம் அதில் பதிந்திருந்தது. அந்த ஆய்வு 2005-இல் வெளியானது. மலையில் ஒருவர் செய்தது கடலில் எழுதப்பட்டுவிட்டது!

அண்மையில் இன்னொரு பாடமும் சேர்ந்துள்ளது. வயலில் எந்நேரமும் நீர் தேங்கி நின்றால் சேற்றிலிருந்து மீத்தேன் என்ற வாயு வெளிப்பட்டுப் பூமியைச் சூடாக்குகிறது. இடையிடையே நீரை வடித்துக் காயவிட்டால் அது குறைகிறது. பாலி விவசாயிகளோடு சேர்ந்து செய்த இத்தகைய முயற்சியில் வாயு குறைந்ததோடு விளைச்சலும் கூடியதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஆகவே மரபு என்றால் மாறாதது என்று பொருளில்லை. சுபாக் புதியதையும் கற்கிறது.

இன்றைய நிலை

2012-இல் யுனெஸ்கோ நிறுவனம் பாலியின் சுபாக் நிலக்காட்சியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 19,500 ஹெக்டேர். பத்தூர்க் கோயிலும் ஏரியும், பக்கெரிசான் ஆற்றுப் பகுதியும், ஜத்திலுவி படிவயல்களை உள்ளடக்கிய பத்துக்காரு மலைச்சாரலும், தாமான் அயுன் கோயிலும் அதில் அடங்கும்.

பட்டயம் கிடைத்தது. ஆனால் கவலை தீரவில்லை. வயல்கள் விடுதிகளாக மாறுகின்றன. விடுதிகளும் நீர் கேட்கின்றன. பிள்ளைகள் சேற்றில் இறங்க விரும்பாமல் நகரத்து வேலைக்குப் போகிறார்கள். "என் மகன் உணவகத்தில் வேலை செய்கிறான், பாக். அங்கே வருகிறவர்கள் இந்த வயலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் வயலில் நிற்க அவன் இல்லை" என்று எங்கள் பெக்காசே சொன்னபோது எனக்கு மறுமொழி எழவில்லை. விவசாயி இல்லாத நீர்க்கோயில் வெறும் கட்டடம்தான். சுற்றுலாப் பயணி படம் எடுக்கலாம், தீர்த்தம் வயலேறாது.

நாம் பெறும் பாடம்

மெய்யன்பர்களே, இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளதாகக் கருதுகிறேன்.

முதலாவது, புரியாததை மூடநம்பிக்கை என்று உடனே தள்ளாதிருத்தல். கோயில் நாட்காட்டியைத் தள்ளியபோது அதற்குள் இருந்த பூச்சிக் கட்டுப்பாடும் சேர்ந்தே தள்ளப்பட்டது.

இரண்டாவது, சோதிக்காமல் பெருமை பேசாதிருத்தல். "எல்லா அறிவியலும் நம் முன்னோருக்கு அன்றே தெரியும்" என்று மேடையில் முழங்குவது எளிது. லான்சிங் முழங்கவில்லை; அளந்தார், கணக்கிட்டார், தவறாகவும் இருக்கலாம் என்று சோதித்தார். ஆகவேதான் அலுவலகங்கள் செவிசாய்த்தன. டேவி டானுவின் அருளை அறிவியலால் அளக்க முடியாது. அளக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவள் பெயரால் மக்கள் செய்த ஏற்பாட்டின் நன்மையை அளக்க முடியும். பக்தி மக்களை ஒன்றுகூட்டியது. அறிவியல் அவர்களுக்காக வாதாடியது. ஒன்றுக்கு மற்றது பகையன்று.

மூன்றாவது, மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நினைத்தல். நாம் ஒவ்வொருவரும் யாருக்கோ தலைமடை. நம் வீட்டுச் சாக்கடையும், ஆற்றில் எறியும் பூசை மாலையும் யாரோ ஒருவரின் கடைமடையில்தான் போய்ச் சேர்கின்றன.

நமக்கும் இந்த மரபு புதியதன்று. உத்திரமேரூரில் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவருக்கு அதில் இடமில்லை என்ற விதியும் இருந்தது. நீரையும் அறத்தையும் கணக்கையும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள்.

நன்கொடையாளர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இதுதான். கோபுரத்துக்குக் கொடுங்கள், அதோடு கோயில் வளாகத்தில் மரத்துக்கும் மண்ணுக்கும் கொடுங்கள். வழிபாடு முடிந்த பூவையும் இலையையும் ஆற்றில் விடாமல் மட்கச் செய்து உரமாக்கக் கொடுங்கள். அன்னதானத்துக்கு அரிசி வாங்கும்போது, மண்ணையும் நீரையும் பேணி விளைவிக்கும் உள்ளூர் விவசாயியின் அரிசி கிடைக்குமா என்று ஒருமுறை விசாரியுங்கள். ஒரு சாக்குக்குச் சில வெள்ளி கூடலாம். அந்தச் சில வெள்ளியும் தானமே.

கிரியான் பெரியவர் இன்று இல்லை. அவருக்கு நான் சொல்லத் தவறிய விடையை இங்கே சொல்லி முடிக்கிறேன்: மீன் சந்தையில் கிடைக்கும் என்றேனே, பாக், அது தவறு. மீன் வயலில் இருந்தவரைதான் வயல் வயலாக இருந்தது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

(குடும்பத்தாரும் சமய வகுப்பு மாணவர்களும் கலந்துரையாட)

1. எல்லோரும் ஒரே நாளில் நட்டால் வரும் இடர் என்ன? ஆளுக்கொரு நாளில் நட்டால் வரும் இடர் என்ன?

2. தலைமடைக்காரர் கடைமடைக்காரருக்கு நீர் விடுவது தமக்கே நன்மையாவது எப்படி?

3. நம் கோயிலில் நடக்கும் எந்த வழக்கத்துக்குள் மண்ணையும் நீரையும் காக்கும் அறிவு இருக்கக்கூடும்? அதை எவ்வாறு சோதித்து அறியலாம்?

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் மழை பொழிக! மண் செழிக்க! உண்ணும் ஒவ்வொரு பிடிச் சோற்றிலும் அதனை விளைவித்த கைகளை நாம் மறவாதிருப்போமாக!